கொடுமணல் கல்மணித் தொழில்: உள்ளூர்க் கல்லும் வெளியூர்க் கல்லும்

ஆய்வுச் சுருக்கம்

கொடுமணல் அகழாய்வுகளில் பலவகைக் கற்களால் ஆன மணிகளும், அவற்றின் உற்பத்தி நிலைகளைக் காட்டும் முற்றுப்பெறாப் பொருள்களும் கிடைத்துள்ளன. இவற்றுள் பெரில், படிகம், நீலக்கல் ஆகியன கொங்குநாட்டிலேயே விளைபவை. சூதுபவளம், லாபிஸ் லாசுலி முதலியன வெளியிலிருந்து வந்தவை. பழகிய கல்லில் தேர்ந்த கைவினைஞர், பழகாத கல்லைக் கையாளும்போது உடைத்தல், சுடுதல், தேய்த்தல், துளைத்தல் ஆகிய படிநிலைகளில் எவற்றை மாற்ற வேண்டியிருந்தது என்பதைக் கற்களின் இயல்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ‘துளையிடப்படாத மணி’ எல்லாக் கல்லிலும் ‘முற்றுப்பெறாத மணி’ ஆகாது என்பதும் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொடுமணல், கல்மணி, பெரில், சூதுபவளம், குருந்தம், துளையிடல்.

முன்னுரை

ஈரோடு மாவட்டத்தில், காவிரியின் கிளையாறான நொய்யலின் வடகரையில் அமைந்தது கொடுமணல். சேரர் தலைநகரான கரூரையும் மேலைக் கடற்கரையையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைத்த பெருவழியில் இவ்வூர் இருந்தது. பதிற்றுப்பத்தில் கபிலர், அரிசில்கிழார் ஆகியோர் பாடல்களில் கொடுமணம் என்னும் ஊர் அரிய அணிகலன்களோடு சேர்த்துக் கூறப்படுகிறது. அவ்வூரே இன்றைய கொடுமணல் என்பது அறிஞர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கு அகழாய்வு மேற்கொண்டது. பின்னர்த் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும், 2012, 2013 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகமும் அகழாய்வு நடத்தின.

இவ்வகழாய்வுகளால் கொடுமணல் ஒரு தொழிற்கூட ஊர் என்பது தெளிவாயிற்று. இரும்பு, எஃகு, சங்கு ஆகிய தொழில்களோடு மணித்தொழிலும் இங்குச் சிறந்திருந்தது. ஆயினும் ஆய்வுரைகளில் ‘மணித்தொழில்’ என்பது பெரும்பாலும் ஒரே தொழிலாகவே பேசப்படுகிறது. கல் மாறினால் தொழிலும் மாறும் என்பது போதிய கவனம் பெறவில்லை. பெரிலில் வெற்றி தந்த ஒரு செய்கை சூதுபவளத்தில் பயனற்றதாகலாம். சூதுபவளத்திற்கு நலம் செய்யும் செய்கை செவ்வந்திக்கல்லை அழிக்கலாம். எனவே கொடுமணல் சான்றுகளைக் கல்வாரியாகப் பிரித்து நோக்குவது தேவையாகிறது.

கற்களின் வரவு

கொங்குநாட்டின் நிலம் பழமையான நைஸ் பாறைகளாலும் அவற்றை ஊடுருவிய பெக்மடைட் பாறைகளாலும் ஆனது. பெரிலும் படிகமும் இப்பாறைகளில் விளைவன. காங்கயத்தை அடுத்த படியூர் பெரிலுக்கும், சிவன்மலைப் பகுதி நீலக்கல்லுக்கும், வெங்கமேடு, அரசம்பாளையம் ஆகியவை படிகத்திற்கும் மூலங்களாகச் சுட்டப்படுகின்றன.

சூதுபவளத்தின் தோற்றம் வேறு. அது எரிமலைக் குழம்புப் பாறையின் குழிகளில் சிலிக்கா படிந்து உருவாவது. அத்தகைய பாறை கொங்குநாட்டில் இல்லை. ஆகவே கொடுமணல் சூதுபவளத்தின் மூலமாகக் குஜராத், தக்காணப் பகுதிகள் கருதப்படுகின்றன. லாபிஸ் லாசுலியோ ஆப்கானிஸ்தானின் பதக்சான் மலைப்பகுதியோடு தொடர்புபடுத்தப்படுவது. இத்துணைத் தொலைவிலிருந்து வந்த கல் அரிதாகவே பயன்பட்டிருக்கும் எனக் கருதுவது பொருந்தாது. இங்குள்ள ஈமச்சின்னம் ஒன்றில் மட்டும் 2220 சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. வெளியூர்க் கல் இங்குப் பெருமளவில் புழங்கியமைக்கு இதுவே சான்று.

உடைத்தலும் வடிவும்

மணி செய்வதன் முதற்படி கல்லை உடைத்து உருவாக்குதல். பெரில் அறுகோணப் பட்டகமாகவே விளைகிறது. அதன் ஆறு பக்கங்களும் இயற்கையிலேயே தட்டையானவை. குறுக்குவாட்டில் மங்கலான பிளவுத்தளம் ஒன்றும் உண்டு. எனவே நல்ல பட்டகம் கிடைத்தால், இரு முனைகளையும் சீராக்கிப் பக்கங்களை மெருகேற்றினாலே நீண்ட மணி உருவாகிவிடும். கைவினைஞர் வடிவைக் கல்லின்மீது ஏற்றுவதைவிடக் கல் தரும் வடிவை ஏற்றுக்கொள்வதே இங்கு நிகழ்கிறது. இந்தியர் நீண்ட பெரில்களையே விரும்பினர் என்று கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். இதை வெறும் சுவை சார்ந்த விருப்பமாகக் கொள்ளாமல், கல்லின் இயல்பும் இவ்விருப்பத்திற்குத் துணைநின்றது எனக் கொள்வதே பொருத்தம்.

சூதுபவளத்தில் இத்தகைய ஆயத்த வடிவம் இல்லை. அது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகள் பின்னிய உருண்டைக் கட்டி. பிளவுத்தளம் இல்லாமையால் எத்திசையிலும் சிப்பிபோல் வளைந்து பெயரும். குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் வழங்கும் முறை இதற்கு விளக்கம் தருகிறது. தரையில் ஊன்றிய இரும்புக் கூர்முனையின்மீது கல்லை வைத்து, மறுபுறம் எருமைக்கொம்புத் தலையுடைய சுத்தியலால் மெல்லத் தட்டுவர். அடி விழும் இடம் ஒருபுறம், சில்லு பெயரும் இடம் மறுபுறம். சில்லுகள் ஒவ்வொன்றாகப் பெயர மணியின் முன்வடிவம் உருவாகும்.

பட்டகத்தை ஒட்டி வேலை செய்து பழகிய கைக்கு இது புதிய பாடம். பெரிலில் கல்லின் முகங்கள் வழிகாட்டும். சூதுபவளத்தில் அடியின் கோணமும் அழுத்தமும் மட்டுமே வழிகாட்டும். கார்னெட்டின் நிலை இன்னும் வேறு. அது சிறு பன்முக உருண்டையாக விளைவது, உட்பிளவுகள் மிகுந்தது. ஆதலால் அதிலிருந்து சிறிய மணிகளே பெரும்பாலும் இயலும்.

நெருப்பின் பயனும் கேடும்

கல்லுக்குக் கல் செய்முறை மாறுவதை மிகத் தெளிவாகக் காட்டுவது நெருப்பு. தோண்டி எடுக்கும்போது சூதுபவளம் பெரும்பாலும் மங்கலான மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். அதிலுள்ள நீரேறிய இரும்பு ஆக்சைடு, சூட்டில் நீரை இழந்து சிவப்பு ஆக்சைடாக மாறும்போதே கல் செந்நிறம் பெறுகிறது. சூட்டினால் சில்லு பெயரும் தன்மையும் சீர்படும். கம்பாத்தில் கற்களை முதலில் வெயிலில் நெடுநாள் உலர்த்தி, பின் பானைகளிலிட்டு மெல்ல எரியும் நெருப்பில் சுடுவர். நிறம் கனியும்வரை மீண்டும் மீண்டும் சுடுவதும் உண்டு. அவசரமாகச் சூடேற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும்.

இச்செய்கையைப் பிற கற்களுக்கு நீட்டினால் விளைவு எதிர்மாறாகும். செவ்வந்திக்கல் சூட்டில் தன் ஊதா நிறத்தை இழந்து மஞ்சளாகவோ நிறமற்றதாகவோ மாறும். படிகம் 573 பாகை செல்சியசில் உள்ளமைப்பு மாறிக் கனஅளவில் திடீர் மாற்றம் அடைவதால் எளிதில் விரிசல் காணும். பெரிலின் பச்சை சாயல் மிதமான சூட்டில் மறைந்து நீலம் மேலோங்கும். உள்ளே நீர்மக் குமிழ்கள் இருப்பின் கல் பிளக்கவும் கூடும். ஆகவே சூதுபவளத்தில் இன்றியமையாத படிநிலை ஒன்று, உள்ளூர்க் கற்களில் விலக்க வேண்டிய ஒன்றாகிறது. செவ்வந்திக்கல், படிகம், சூதுபவளம் மூன்றும் வேதியியல் அடிப்படையில் ஒரே சிலிக்கா என்பது இங்கு நோக்கத்தக்கது. கைவினைஞருக்குப் பயன்பட்ட பகுப்பு கல்லின் நடத்தை சார்ந்தது.

தேய்த்தலும் குருந்தமும்

ஒரு கல்லைத் தேய்க்க அதனினும் கடிய பொருள் வேண்டும். மோஸ் அளவையில் படிகம் 7, பெரில் 7.5 முதல் 8 வரை. ஆகவே படிகமணலால் பெரிலைத் திறம்படத் தேய்க்க இயலாது. அளவை 9 உடைய குருந்தம் இதற்கு ஏற்றது. ஆங்கிலத்தில் இக்கனிமத்திற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயரே தமிழ்ச்சொல்லிலிருந்து சென்றது. நீலக்கல் என்பதும் நிறமேறிய குருந்தமே. அணிக்கு உதவாத குருந்தத் துண்டு பொடியாகித் தேய்ப்புப் பொருளாகும். பெரிலும் குருந்தமும் அண்மையிலேயே கிடைத்தமை கொடுமணலுக்குப் பெருவாய்ப்பாயிற்று. மணிக்குரிய கல்லையும் அதைத் தேய்க்கும் பொருளையும் ஒரே நிலப்பகுதி தந்தது. இதனால் அளவை 6.5 முதல் 7 வரையே உள்ள சூதுபவளம் தேய்ப்பு நிலையில் இவர்களுக்குக் கடினமாக இருந்திருக்காது எனலாம். புதிய கல்லின் சிக்கல் உடைத்தலிலும் சுடுதலிலும் இருந்ததேயன்றித் தேய்த்தலில் இல்லை.

துளையிடல்

மதுரைக்காஞ்சி மணி துளைப்போரைக் ‘குயினர்’ என்னும் தனிப்பெயரால் சுட்டுகிறது. துளையிடல் தனித்திறன் சார்ந்த தொழிலாக மதிக்கப்பட்டதை இது உணர்த்தும். உழைப்பு மிகுதியும் இழப்பு மிகுதியும் இப்படிநிலையிலேயே உள்ளன. ஒப்புநோக்கச் சிந்துவெளிச் சான்று உதவும். அங்கு நீண்ட சூதுபவள மணிகளைத் துளைக்கப் பயன்பட்ட அரிய கல்லுக்கு, அகழாய்வாளர் எர்னஸ்ட் மெக்கேயின் நினைவாக ‘எர்னெஸ்டைட்’ எனப் பெயரிடப்பட்டது. ஜோனதன் மார்க் கெனோயரின் சோதனைகளில் அக்கல்முனை மணிக்கு 2.5 மில்லிமீட்டர் அளவே துளைத்தது. அவ்வாறாயின் 6 செ.மீ. நீளமுள்ள மணிக்கு 24 மணிநேர உழைப்பு வேண்டும்.

வரலாற்றுத் தொடக்கக் காலத்தில் வைரமுனை வழக்கிற்கு வந்ததும் இந்நிலை மாறியது. கம்பாத்தில் இரு சிறு வைரச்சில்லுகள் பதித்த முனையை வில்லால் சுழற்றி, நீர் சொட்டவிட்டுத் துளைப்பர். பழைய மணிகளில் எம்முனை பயன்பட்டது என்பதைத் துளையின் உட்சுவர் கூறும். லியோனார்ட் கோரெலிக், ஜான் குவின்னெட் ஆகியோர் துளையைச் சிலிக்கோன் அச்செடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் அதன் வளையக் கோடுகளை ஆராயும் முறையை வகுத்தனர். கோடுகளின் ஆழமும் சீர்மையும் முனைக்கேற்ப வேறுபடும். கொடுமணல் மணிகளைக் கல்வாரியாக இம்முறையில் ஒப்பிட்டால், உள்ளூர்க் கல்லுக்கும் வெளியூர்க் கல்லுக்கும் ஒரே முனை பயன்பட்டதா என்பதை உறுதியாகக் கூற இயலும்.

முற்றுப்பெற்றதும் பெறாததும்

கொடுமணலில் மெருகேறியவை, மெருகேறாதவை, துளைத்தவை, துளைக்காதவை எனப் பல நிலையிலும் மணிகள் கிடைத்துள்ளன. துளைக்காதவற்றை முற்றுப்பெறாதவை எனக் கணக்கிடுவது வழக்கம். சூதுபவளத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரியே. துளையின்றி அது மாலையில் கோக்கப்படாது.

பெரிலுக்கு இது பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. துளைத்த பெரில்களை இந்தியர் யானை மயிரில் கோத்தனர் என்று கூறும் பிளினி, குற்றமற்ற பெரிலைத் துளைப்பதில்லை என்றும், அதன் முனைகளில் பொன் மூடி பொருத்துவர் என்றும் சேர்த்தே கூறுகிறார். அவ்வாறாயின் தெளிவான, மெருகேறிய, துளையில்லாத பெரில் முழுமைபெற்ற வணிகப் பொருளாகவே இருந்திருக்கக்கூடும். அதைக் கைவிடப்பட்ட பணியாகக் கணக்கிட்டால், கொடுமணலின் உற்பத்தி குறைவாகவும் இழப்பு மிகையாகவும் தோன்றும். உரோமானிய வணிகம் பற்றிய முடிவுகளையும் இது பாதிக்கும்.

இலக்கியப் பெயர்களைக் கொண்டு கல்லை அடையாளம் காண்பதிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். கிரேக்கத்தின் ‘பெரில்’ என்னும் பெயர் பிராகிருத ‘வேளுரிய’ என்பதனோடு தொடர்புடையது. வடமொழி ‘வைடூரியம்’ அதற்கு இனமானது. இன்று வைடூரியம் என்பது பூனைக்கண் கல்லைக் குறிக்கிறது. பெயர் நிலைத்திருக்கப் பொருள் மாறியுள்ளது.

முடிவுரை

கொடுமணல் கைவினைஞர் தம் நிலத்தில் விளைந்த கற்களோடு, தம் நிலம் தராத கற்களையும் கையாண்டனர். தேய்த்தலில் பழைய திறன் அப்படியே உதவியது. உடைத்தலிலும் சுடுதலிலும் புதிய திறன் தேவைப்பட்டது. அத்திறன் கல்லோடு வந்த கைவினைஞரால் கற்பிக்கப்பட்டதா, உள்ளூரிலேயே தவறித் தவறிக் கற்றுக்கொள்ளப்பட்டதா என்பதற்கு விடை அழகிய மணிகளில் இல்லை. தவறாக உடைந்த துண்டிலும், மிகைச்சூட்டில் வெடித்த கல்லிலும், பாதியில் நின்ற துளையிலும் அது உள்ளது. இக்கழிவுகள் மொத்த எடையாக மட்டும் பதிவு செய்யப்படுமாயின் அவ்விடை இழக்கப்படும். ஒவ்வொரு கழிவும் எக்கல், எப்படிநிலை, எவ்வகைத் தவறு என மூன்று நிலையில் பதிவு செய்யப்படுதல் வேண்டும். அப்போதுதான் கொடுமணல் மணித்தொழிலின் வரலாறு, முடிந்த பொருள்களின் பட்டியல் என்னும் நிலையைக் கடந்து, ஒரு திறன் கற்கப்பட்ட வரலாறாக அமையும்.