காசு கொடுத்து 'வாங்கிய' படம் உங்களுடையதா? டிஸ்க்குக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் என்ன வித்தியாசம்?

அப்புறம் பார்த்துக்கலாம் என்று வாட்ச்லிஸ்ட்டில் போட்ட படம், ஒருநாள் தேடினால் இருக்காது. காரணம் சிம்பிள். ஓடிடி தளங்கள் பல படங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமம் எடுக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தால் படமும் போய்விடும்.

சரி, காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் படம்?

அதுவும் முழுசா உங்களுடையது இல்லை. வாங்குவது பார்க்கும் உரிமம் மட்டுமே. பிளேஸ்டேஷனில் பயனர்கள் வாங்கியிருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நீக்கப்படும் என 2023 டிசம்பரில் சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. பிறகு ஒப்பந்தம் மாற்றப்பட்டு, குறைந்தது 30 மாதங்களுக்கு அவை இருக்கும் என்றது. அதாவது, கிடைத்தது அவகாசம்தான்.

உரிமத்தை மட்டும் விற்றுவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'பை' பட்டன் வைக்கக் கூடாது என்கிற கலிஃபோர்னியா சட்டம் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

தரத்தில் எது பெஸ்ட்?

டிஸ்க்தான். 4கே-வுக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ். 4கே ப்ளூ-ரே டிஸ்க்கோ 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேலும் தரவைத் தரும். இருட்டுக் காட்சிகளிலும் ஒலியிலும் வித்தியாசம் தெரியும். நெட் ஸ்லோ ஆனாலும் கவலையில்லை.

அப்போ டிஸ்க்கில் சிக்கலே இல்லையா?

இருக்கு. தனி பிளேயர் வேண்டும், விலை அதிகம், கீறல் விழும். கடைகளும் குறைகின்றன. டிவிடி வாடகையில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸே 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை மூடிவிட்டது.

என்ன செய்யலாம்?

ஒருமுறை பார்க்க ஸ்ட்ரீமிங் போதும். பத்து வருடம் கழித்தும் பார்க்க நினைக்கும் படம் என்றால், டிஸ்க் கிடைக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.