குஞ்சுகளே வெப்பமானி

சென்ற மார்கழியில் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு நாம் ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். கடன் பேரேட்டில் ஓர் உறுப்பினரின் தவணை நின்றுபோயிருந்தது. விசாரிக்கச் சென்ற நம்மை அந்த அம்மையார் கொல்லைப்புறம் அழைத்துச் சென்று வெறும் மரப்பெட்டி ஒன்றைக் காட்டினார்.

"முப்பது குஞ்சு வாங்கினேன் ஐயா. நாலாம் நாள் விடியற்காலையில் பதினெட்டு செத்துக் கிடந்தன. மிச்சமும் இரண்டு நாளில் போய்விட்டன. என்ன நோயோ தெரியவில்லை" என்றார்.

குஞ்சுகள் எவ்வாறு கிடந்தன என்று வினவினோம். பெட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தனவாம். ஆகவே அவற்றைக் கொன்றது குளிரே எனத் தெளிந்தோம். குளிர் தாங்காத குஞ்சுகள் மூலையில் நெருங்கி, அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறி மாண்டன. பெட்டியின்மேல் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது எல்.இ.டி. விளக்கு, ஒளி தருமேயன்றிக் குஞ்சைக் காக்கும் வெப்பம் தராது.

புதிதாகக் கோழி வளர்க்கப் புகும் உறுப்பினர்கள் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும். பிறந்த குஞ்சின் உடலில் இருப்பது மென்தூவியே. இறகு முளைக்கும் வரை தாய்க்கோழியின் சிறகு செய்யும் பணியை நாமே செய்தாக வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வரலாம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வீதம், 30 குஞ்சுகளுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்றை உமியில் படாதவாறு தொங்கவிடுக.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டா. குஞ்சுகள் விளக்கின்கீழ் நெருங்கிக் கத்தினால் குளிர்கிறதென்று பொருள், விளக்கைத் தாழ்த்துக. விலகி வாய் பிளந்து நின்றால் சூடு மிகுதி, உயர்த்துக. பரவலாகத் திரிந்தால் வெப்பம் சரியாக உள்ளது. நள்ளிரவில் ஒருமுறை எழுந்து பார்த்தல் நன்று. மின்சாரம் நின்றால், வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றி நடுவில் வைக்கலாம்.

மூலையுள்ள பெட்டியை விடுத்து, ஒன்றரை அடி உயர அட்டையை வட்டமாக நிறுத்தி, உள்ளே 2 அங்குல உமி பரப்புக. நனைந்த உமியை உடனே மாற்றுக. ஈரம் இரத்தக் கழிச்சலுக்கு வழிவிடும். குஞ்சு வந்தவுடன் முதலில் தண்ணீர், பின்னரே தீவனம். குஞ்சு விழுந்து நனையாதிருக்கத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இடுக.

வெள்ளைக் கழிச்சல் கண்டபின் அதற்கு மருந்தில்லை. தடுப்பூசி ஒன்றே காவல். முதல் வார இறுதியில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து இடுவர். பனிக்கட்டியில் வைத்துக் கொணரும் அம்மருந்தைக் கரைத்தபின் ஓரிரு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒரு குப்பியோ பலர் வீட்டுக் குஞ்சுகளுக்குப் போதுமானது. ஆகவே ஒரு தெருவின் உறுப்பினர்கள் ஒரே நாளில் குஞ்சு வாங்கி, ஒரே நாளில் மருந்திடுவார்களாயின் செலவு குறையும். ஒருவர் வீட்டு நோய் அடுத்த வீட்டிற்குப் பரவுவதும் குறையும். கூட்டுறவின் பயன் இதுவன்றோ!

அந்த அம்மையார் தை பிறந்தபின் அண்டை வீட்டார் இருவருடன் சேர்ந்து மீண்டும் குஞ்சு வாங்கினார். தம் பங்கான இருபதில் பதினெட்டு பிழைத்தன. பின்னொரு நாள் நாம் பேரேட்டைப் புரட்டியபோது, நின்றுபோன தவணை வரவாகியிருந்தது.