திரையும் நிறமும் – 9: பூசிய கருமை

கறுத்த பெண்ணின் கதையைத் தமிழ் சினிமா சொல்லவே இல்லை என்று குற்றஞ்சாட்டினால் அது நியாயமாகாது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு முகஞ்சுளித்து எழுந்துபோன அவமானத்தையும், புகுந்த வீட்டில் அவள் கேட்ட ஏச்சையும், தனிமையில் அவள் வடித்த கண்ணீரையும் நம்முடைய படங்கள் பல முறை, சில வேளைகளில் மனம் உருகும்படியாகவே, சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்தக் கண்ணீரைத் திரையில் வடிக்கும் உரிமையையும், அதற்குரிய ஊதியத்தையும் கீர்த்தியையும் ஒரு கறுத்த பெண்ணுக்கே கொடுப்பதற்கு மட்டும் படமெடுத்தவர்களில் அநேகருக்கு மனம் வரவில்லை. சிவந்த முகமொன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேல் கருமையைப் பூசி, அந்தத் துயரத்தை அதனிடம் ஒப்படைத்தார்கள். கதாநாயகனின் கறுப்பு எவ்வாறு பெருமைக்குரிய விஷயமாயிற்று என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். கதாநாயகிக்குப் பூசப்பட்ட கறுப்பைப் பற்றி இந்த வாரம் பேசவேண்டும்.

இந்தத் தொடரை நான் எழுதிவரும் ஆவடி, தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து கலந்த ஊர். இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த காலந்தொட்டு, குவார்ட்டர்ஸ் வீடுகளில் வங்காளியும் பஞ்சாபியும் மலையாளியும் தெலுங்கரும் தமிழரும் அடுத்தடுத்த வாசல்களில் குடியிருந்து பழகியிருக்கிறார்கள். மனித சருமத்தில் எத்தனை நிறங்கள் உண்டோ அத்தனையையும் தினந்தோறும் காணும் இந்த ஊரிலேயே, பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருவில் ஓடியாடும் சிறுமியைப் பார்த்து, "வெயில்ல நிக்காதடி, கறுத்துப் போயிடுவ, அப்புறம் எவன் கட்டிக்குவான்?" என்று தாயே அதட்டுவதையும், கல்யாணப் பேச்சு எழுந்தவுடன் "பொண்ணு நல்ல கலரா?" என்பது முதற்கேள்வியாக வருவதையும் காண்கிறோம். பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் வரையில் படப்பிடிப்புத் தளங்கள் இருக்கின்றன. அங்கே கல்யாண மண்டபக் காட்சிக்கும் விருந்துக் காட்சிக்கும் "வெள்ளையா, ரிச்சா இருக்கணும்" என்றும், சந்தைக் காட்சிக்கும் சேரிக் காட்சிக்கும் "கறுப்பா இருந்தா போதும்" என்றும் கேட்டுத் துணை நடிகைகளைப் பிரித்து நிறுத்துவது, யாரும் தவறென்று நினையாத அளவுக்கு ஒரு தொழில் வழக்கமாகிவிட்டது. கும்பலில் நிற்பவர்களிடமே இவ்வளவு பேதம் பாராட்டப்படுமானால், கும்பலுக்கு முன்னே நிற்பவள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுவாள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1963-இல் ஏவி.எம். நிறுவனத்தார் தயாரித்து, ஏ.சி.திருலோகசந்தர் டைரக்ட் செய்த 'நானும் ஒரு பெண்', இந்த விஷயத்தை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட படம். வங்காள நாடகமொன்றைத் தழுவிய அக்கதையில், கல்யாணி என்ற படிப்பில்லாத கறுத்த பெண், ஜமீன் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டு, நிறத்தின் பெயரால் அவமதிக்கப்பட்டு, தன் பொறுமையாலும் பணிவிடையாலும் அவ்வீட்டாரின் மனத்தை வெல்கிறாள். கரிய நிறம் படைத்த கண்ணனிடமே அவள் தன் குறையை முறையிட்டுப் பாடும் கட்டத்தில் கலங்காத கண் அந்தக் காலத்தில் இல்லை. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. கல்யாணியாக நடித்த விஜயகுமாரி அபிநயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆயினும் அவர் சிவந்த மேனியர். ஒவ்வொரு நாளும் மேக்கப் அறையில் கருமை பூசிக்கொண்ட பிறகே அவர் கல்யாணியாக முடிந்தது. அதே கதை ஹிந்தியில் எடுக்கப்பட்டபோது மீனா குமாரியும், தெலுங்கில் எடுக்கப்பட்டபோது சாவித்திரியும் அந்தப் பூச்சைப் பூசிக்கொண்டார்கள். கறுப்பை இகழாதீர் என்று மூன்று பாஷைகளில் உபதேசித்த ஒரு கதைக்கு, மூன்று பாஷைகளிலும் இயற்கையாகவே கறுத்த ஒரு நடிகை அகப்படவில்லை.

இன்னொன்றும் அக்கதையில் என் மனத்தை உறுத்துகிறது. கல்யாணி அங்கீகாரம் பெறுவது அவளுடைய நிறம் நிறமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டதால் அன்று. மற்ற எல்லோரையும்விட அதிகமாக உழைத்து, அதிகமாகச் சகித்து, அதிகமாக மன்னித்ததால். நிறம் ஏதோ ஒரு குற்றம் போலவும், ஆயுள் பரியந்தம் செய்யும் சேவை அதற்குப் பிராயச்சித்தம் போலவும் கதை அமைந்துவிடுகிறது. பின்னால் வந்த எத்தனையோ படங்களும் சீரியல்களும் இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டன.

படம் கறுப்பு வெள்ளையாக இருந்த அந்த ஆதி நாட்களில் நிலைமை சற்று விசாலமாகவே இருந்தது என்று சொல்லலாம். 1941-இல் 'கச்ச தேவயானி'யின் மூலம் கே.சுப்பிரமணியம் முன்னுக்குக் கொண்டுவந்த டி.ஆர்.ராஜகுமாரி மாநிறத்துக்கும் சற்றுக் கறுத்தவர். அவர் 'ஹரிதாஸி'ல் (1944) ரம்பையாக ஆடியபோதும் 'சந்திரலேகா'வில் (1948) முரசின் மேல் நின்றபோதும் தமிழகம் முழுவதும் அவரைச் சௌந்தரியத்தின் உருவமாகவே கொண்டாடியது. மேக்கப்பும் விளக்கும் அவருக்கு உதவின என்பது மெய். எல்லா நடிகைகளுக்கும் அவை உதவத்தான் செய்தன. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழுநீள வர்ணப்படமாக வந்து, பிறகு படிப்படியாக எல்லாப் படங்களும் வர்ணத்துக்கு மாறியபோது, "கலர் பிலிமில் கறுப்பு முகம் எடுபடாது" என்ற ஒரு சாக்கும் கூடவே வந்து சேர்ந்தது.

அந்தச் சாக்கில் ஒரு துளி உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை, அதைச் சொன்னவர்களுக்குச் சாதகமானதன்று. அமெரிக்காவில் கோடாக் கம்பெனியார் 1950-களிலிருந்து லாபரட்டரிகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில், வர்ணம் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவளுடைய சருமத்துக்குப் பொருந்துமாறு பிலிமும் ரசாயனமும் அமைக்கப்பட்டதால், கரிய முகங்கள் அந்தப் பிலிமில் களையிழந்து இருண்டன. கறுப்பின மக்கள் நெடுநாள் பட்ட இந்தக் குறை தீரத் தொடங்கியதற்குக்கூட, சாக்லெட்டின் நிறமும் மர மேஜை நாற்காலிகளின் நிறமும் விளம்பரப் படங்களில் சரியாக விழவில்லை என்று வியாபாரிகள் செய்த முறையீடு ஒரு காரணமாயிற்று என்பதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. பழுது கருவியில் இருந்தது. பழி மட்டும் முகத்தின்மேல் விழுந்தது.

இதற்கு வாதத்தால் அல்லாமல் காரியத்தால் பதில் சொன்னவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து, புனா பிலிம் இன்ஸ்டிடியூட்டில் ஒளிப்பதிவு பயின்ற அவர், ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தையே விளக்காகக் கொண்டு, பூச்சில்லாத முகத்தைப் படம் பிடித்தார். 'வீடு' (1988) படத்தில், சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ள முயன்று அலைக்கழியும் ஆபீஸ் உத்தியோகப் பெண்ணாக அர்ச்சனா நடித்தார். அந்த முகம் கறுத்த முகம். ஆனால் கறுப்பைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு பேச்சும் இல்லை. அவளுடைய கவலை சிமெண்டைப் பற்றியது, கடனைப் பற்றியது, காண்டிராக்டரைப் பற்றியது. தன் நிறத்துக்காக அழவேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு கறுத்த கதாநாயகி நமக்குக் கிடைத்தது அபூர்வத்திலும் அபூர்வம். அவ்வேஷத்துக்காக அர்ச்சனா தேசிய விருது பெற்றார். அடுத்த வருஷமே 'தாசி' என்ற தெலுங்குப் படத்துக்காக மறுபடியும் பெற்றார். அடுத்தடுத்து இரண்டு முறை இந்தியாவின் சிறந்த நடிகை என்று மதிக்கப்பட்ட ஒருவரைத் தேடித் தமிழ்த் தயாரிப்பாளர்கள் வரிசையில் நின்றார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான், அவர்கள் நிற்கவில்லை.

சரிதாவின் கதை இதைவிட ஆழமாகச் சுடுகிறது. 1978-இல் கே.பாலசந்தர் 'மரோ சரித்ரா'வில் அறிமுகப்படுத்திய அந்தக் கறுத்த, பெரிய விழிகளையுடைய பெண், 'தண்ணீர் தண்ணீர்' (1981), 'அக்னி சாட்சி' (1982), 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) ஆகிய படங்களில் செய்து காட்டியதைப் போல் செய்யக்கூடியவர்கள் அவருடைய தலைமுறையில் மிகச் சிலரே. வறண்ட கிராமத்தில் குடத்தோடு நடக்கும் பெண்ணாக அவரைக் கண்டபோது, நடிக்கிறார் என்ற நினைவே நமக்கு எழுவதில்லை. பிற்காலத்தில் சினிமா அவரை என்ன செய்தது? அவருடைய குரலை வைத்துக்கொண்டது, முகத்தை விட்டுவிட்டது. வடக்கிலிருந்து வந்த, தமிழோ தெலுங்கோ அறியாத சிவந்த கதாநாயகிகள் வாயசைக்க, நக்மா முதலான பலருக்கு அவரே டப்பிங் தியேட்டரின் இருட்டில் நின்று பேசினார். கோபமும் கெஞ்சலும் காதலும் அந்தக் குரலில் அப்படியே இருந்தன. ஜனங்கள் அதைக் கேட்டுத்தான் கைதட்டினார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தமான முகத்தையும் அவர்களுக்குக் காட்டியிருந்தால் கைதட்டியிருக்க மாட்டார்கள் என்று எந்த ஆதாரத்தைக் கொண்டு முடிவு செய்தார்கள்?

மார்க்கெட்டைத்தான் ஆதாரம் என்பார்கள். 2007-இல் வெளிவந்த 'சிவாஜி'யை அந்த மார்க்கெட்டின் உச்சம் என்று சொல்வதில் தவறில்லை. அதில் தமிழ்ச்செல்வி என்று பெயர் கொண்ட கதாநாயகி ஸ்ரேயா. அதே படத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு பெண்கள் முகத்தில் அட்டைக்கரி போல் மை அப்பப்பட்டு, பார்ப்பவர் அஞ்சி ஓடும் வேடிக்கைப் பொருளாக வருகிறார்கள். அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பறம்பு மலையின் வள்ளல் பாரி மாண்டபின், அவனுடைய இரு பெண்மக்களையும் கபிலர் மணமுடித்து வைக்க நாடு நாடாக அலைந்த வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் படித்துக் கண் கலங்கிய ஒரு சமூகத்துக்கு, அந்தப் பெயர்களைக் கறுப்பைப் பரிகசிப்பதற்கென்று எடுத்து வழங்கியதை என்னால் இன்றளவும் ஜீரணிக்க முடியவில்லை. அதே படத்தில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சருமத்தைக் கம்ப்யூட்டர் மூலம் கதாநாயகனின் உடல்மேல் பொருத்தி அவரை வெளுப்பாக்கிய பாடல் காட்சி ஒன்றும் உண்டு; சிறந்த தந்திரக் காட்சிகளுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அங்கவை, சங்கவையைக் கண்டு தியேட்டரில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெற்றோருக்கு நடுவே உட்கார்ந்திருந்த கறுத்த சிறுமி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை யாரேனும் கவனித்தார்களா?

தங்கர் பச்சானின் 'அழகி' (2002) இப்படிப்பட்ட இகழ்ச்சி சிறிதும் இல்லாத, மரியாதை நிறைந்த படம். நந்திதா தாஸின் தனலட்சுமியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதிலும் கறுத்தவளுக்குக் கிடைப்பது பால்ய காலத்துக் காதலும், பிளாட்பாரமும், கடைசியில் அந்தக் காதலனின் வீட்டிலேயே வேலைக்காரி ஸ்தானமும். மனைவி ஸ்தானம் சிவந்தவளுக்கு.

இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த சென்னைப் பெண் ஐஸ்வர்யா ராஜேஷ், வாய்ப்புத் தேடி அலைந்த காலத்தில், நீ 'ஹீரோயின் மெட்டீரியல்' அல்ல, வேண்டுமானால் காமெடியனுக்கு ஜோடியாக நடிக்கலாம் என்று டைரக்டர் ஒருவர் சொன்னதை, 2020-இல் டெட் எக்ஸ் மேடையில் நின்று வெளிப்படையாகவே சொன்னார். அவரைக் கதாநாயகியாக எல்லோரும் கண்டுகொண்டது 'காக்கா முட்டை'யில் (2015), கூவத்தோரக் குடிசையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக அவர் வந்த பிறகு. தமிழ் பேசும் கறுத்த பெண்ணுக்கு முதலில் திறந்த கதவு குடிசையின் கதவுதான் என்பதைக் கவனிக்கவேண்டும்.

அந்தக் குடிசைக் கதவுகூட எல்லா வேளையும் திறப்பதில்லை. 1993-இல் போலீஸ் காவலில் நிகழ்ந்த ஒரு மரணத்தை ஆதாரமாகக் கொண்டு, இருளர் குடும்பமொன்றின் கதையாக எடுக்கப்பட்ட 'ஜெய் பீம்' (2021), அந்த மக்களின் துயரத்தை நாடு முழுவதும் அறியச் செய்த சிறந்த காரியம். செங்கேணியாக நடித்த மலையாள நடிகை லிஜோமோள் ஜோஸ் இருளர்களோடு பழகி அவர்களுடைய பேச்சையும் நடையையும் கற்றுக்கொண்டு நடித்தார்; அவருடைய சிரத்தை வணக்கத்துக்குரியது. ஆயினும் அவருக்கும் கருமை பூசித்தான் செங்கேணியாக்கினார்கள். ஆவடியை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் எத்தனையோ வாழ்கின்றன. அவர்களுடைய பெண்களில் படித்தவர்களும் பேச வல்லவர்களும் இருக்கிறார்கள். நடிப்புப் பயிற்சி இல்லாதவர்களை வைத்து எப்படிப் படமெடுப்பது என்று கேட்கலாம். மலையாளப் பெண்ணுக்கு இருளரைப் போல் நடக்கக் கற்றுக்கொடுக்க இருந்த அவகாசம், இருளப் பெண்ணுக்குக் காமிராவின் முன் நிற்கக் கற்றுக்கொடுக்கவும் போதுமானதுதானே?

உலகத்தின் மறுகோடியிலும் இதே வழக்குத்தான் நடந்தது. தன் கரிய நிறத்தையும் அகன்ற மூக்கையும் மறைக்காமல் மேடையேறி, கறுப்பினப் பெண்களின் வெவ்வேறு நிறங்களையும் அந்நிறங்களுக்கு அவர்கள் கொடுத்த விலையையும் பற்றி 1966-இல் ஒரு பாட்டே இயற்றிப் பாடியவர் அமெரிக்கப் பாடகி நீனா சிமோன். அவருடைய வாழ்க்கையை 2016-இல் 'நீனா' என்ற படமாக எடுத்தபோது, வெளிர் நிறமுடைய ஸோயி சல்டானாவுக்குக் கருமை பூசி, பொய் மூக்கும் ஒட்டி நடிக்கவைத்தார்கள். எதிர்ப்பு ஓயவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, தான் அந்த வேஷத்தை ஏற்றிருக்கக் கூடாது என்று சல்டானாவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அங்கே கேட்ட அந்த ஒரு வார்த்தையை, 'நானும் ஒரு பெண்' தொடங்கி 'ஜெய் பீம்' வரையில் இங்கே யாரும் கேட்கவும் இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

2019-இல் 'ஐரா' என்றொரு படம் வந்தது. அதில் பவானி என்ற கறுத்த பெண் தன் வாழ்நாளெல்லாம் புறக்கணிக்கப்படுகிறாள். இளம்பருவத்துப் பவானியாக நடித்த கேப்ரியல்லா செல்லஸ் இயற்கையாகவே கறுத்தவர். அந்தப் பவானி வளர்ந்து பெரியவளானதும் நயன்தாரா ஆகிவிடுகிறாள், கருமை பூசிக்கொண்டு. அதாவது, அந்த முகம் எந்த வயதுவரை திரையில் இருக்கலாம் என்பதற்குக்கூட ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், கலெக்டராக விரும்பும் கிராமத்துப் பெண்ணின் கதையாகச் சன் டி.வி.யில் 'சுந்தரி' தொடங்கியபோது, அந்தப் பாத்திரத்துக்குக் கேப்ரியல்லாவையே தேர்ந்தெடுத்தார்கள். கணவன் நிறத்தைச் சொல்லி ஒதுக்குவதும் மனைவி சகிப்பதுமாகப் பழைய அச்சு அதிலும் நிறையவே உண்டு. ஆனால் வருஷக்கணக்கில், வாரத்தின் பெரும்பாலான நாட்களிலும், ஆவடிக் குவார்ட்டர்ஸ் முதல் அம்பத்தூர், பூந்தமல்லித் தெருக்கள் வரையில் வீடு வீடாக அந்த முகத்தை ஜனங்கள் விரும்பிப் பார்த்தார்கள். மார்க்கெட் அதனால் சரிந்துவிடவில்லை.

(தொடரும்)