காரணமில்லாமல் விரும்புதல்: சில ஆங்கிலச் சொற்கள் குறித்து

ஆங்கிலத்தில் விம், விம்சி, ஃபான்சி, கப்றீஸ், வேகறி என்றொரு சொற்குடும்பம் உண்டு. நம்மிடமுள்ள அகராதிகளைப் புரட்டினால் இவையனைத்துக்கும் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் கிடைக்கும்: மனம்போன போக்கு, திடீர் எண்ணம், சபலம். ஆனால் அன்றாடம் அம்மொழியில் சீவிக்க வேண்டியிருக்கும் நாம், இவற்றில் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாதென்பதை அறிவோம். யார் காரணமின்றி ஒன்றைச் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்ற சமூகத் தீர்ப்பு இச்சொற்களுக்குள் படிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஃபான்சி. இது ஃபான்ரசி என்ற சொல்லின் சுருக்கம். 'தோன்றச் செய்தல்' என்னும் பொருள்கொண்ட கிரேக்க வேரிலிருந்து வந்தது. ஆங்கில இலக்கியம் கற்பித்தவர்களுக்கு 1817இல் கோல்றிட்ஜ் எழுதியவை நினைவிருக்கும். படைக்கும் ஆற்றலாகிய கற்பனையை மேலே வைத்து, நினைவிலுள்ள ஆயத்தப் பொருட்களை மாற்றியடுக்கும் ஃபான்சியை அவர் கீழே இறக்கினார். வேலைத்தளத்தில் இந்தப் படிநிலைக்கு மதிப்பில்லை. இயந்திரத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் இடைவேளையில் 'ஃபான்சி எ கப் ஒவ் ரீ?' என்கிறார். 'தேநீர் வேண்டுமா' என்பது தேவையைக் கேட்கும் கேள்வி. இவரோ அந்த நினைப்பு எனக்கு இனிமையாகத் தோன்றுகிறதா என்று கேட்கிறார். வேண்டாமென்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. 'அவன் அவளை ஃபான்சி பண்ணுகிறான்' என்ற பேச்சிலும் காரணம் கேட்கப்படுவதில்லை.

விம் என்பதன் பிறப்பு தெளிவில்லாதது. 16ஆம் நூற்றாண்டின் 'விம்-வாம்' என்ற எதிரொலிச் சொல்லோடு அதை இணைப்பர். பயனற்ற சிறு அலங்காரப் பொருளுக்கு அப்பெயர். சுரங்கத் தொழிலிலும் ஒரு விம் உண்டு. குதிரை சுற்றிச் சுற்றி நடக்க, கனிமத்தை மேலே இழுக்கும் பெரிய உருளை அது. அன்றாட வழக்கில் விம் என்பது திடீரென வந்து, செயலாகி, அத்துடன் முடிந்துபோவது. விம்சி அப்படியல்ல, அது நிலைத்த குணம், குறும்புக் கற்பனையின் சாயல். 1846இல் எட்வேட் லியர் வெளியிட்ட அபத்தப் பாட்டுப் புத்தகத்தை ஆங்கிலேயர் விம்சி என்று கொண்டாடுவர்.

இப்போது வழக்கொழிந்த இன்னொரு சொல் மகற். புழு என்பது அதன் பொருள். மூளைக்குள் புழு நெளிவதால்தான் விசித்திர எண்ணங்கள் எழுகின்றன என்றொரு நம்பிக்கை இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சான நடன இசைத் தொகுப்புகளில் சில மெட்டுகளுக்கே 'இன்னாரின் மகற்' என்று பெயர். ஜேர்மன் மொழியிலோ தலைக்குள் இருப்பது சில்வண்டு: 'கிறில்ல' என்ற சொல் பூச்சியையும் வீண் எண்ணத்தையும் குறிக்கும்.

இனி வருபவை இவ்வளவு விளையாட்டானவையல்ல. கப்றீஸ் இத்தாலிய மொழியின் 'கப்றிச்சோ'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தலையும் முள்ளெலியும் சேர்ந்த சொல் அது, அச்சத்தால் மயிர் குத்திட்டு நிற்பதே அதன் பழைய பொருள் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்வர். பின்னர் ஆட்டைக் குறிக்கும் 'காப்ரா'வின் சாயலும் ஏறி, துள்ளித் திரியும் மனப்போக்காயிற்று. இன்று அரசர், தெய்வம், காலநிலை, மேலதிகாரி ஆகியோருக்கே இச்சொல் பொருந்துகிறது. பிறர்மீது அதிகாரம் உள்ளவரின் விம் கப்றீஸ் ஆகிறது எனலாம். அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டம், இத்தன்மை கொண்ட அரச முடிவை நீதிமன்றம் தள்ளிவிடலாம் என்று இச்சொல்லையே பயன்படுத்திக் கூறுகிறது.

வேகறியின் வேர் 'அலைதல்' என்னும் லத்தீன் வினை. 'வேகறன்ற்', அதாவது ஊர் சுற்றித் திரிபவன் என்ற சொல்லிலும் அந்த வினையின் சாயல் ஏறியிருக்கிறது. மனம் அலைந்தால் அது சுவையான குணம். உடல் அலைந்தால் குற்றம். இங்கிலாந்தில் 1824இல் அதற்கொரு சட்டம் இயற்றப்பட்டது. 1841இல் அதே குடியேற்ற ஆட்சி இலங்கைக்கும் அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. இரண்டும் பிடித்தது வீடும் தொழிலும் அற்றவனைத்தான். பொழுதுபோக்காக ஐரோப்பாவைச் சுற்றிய பிரபு அவற்றுள் அகப்படவில்லை.

இங்கிருந்து நமது நிலைக்கு அதிக தூரமில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் தகுந்த ஆதாரமுள்ள அச்சத்தைக் கேட்கிறது. அவ்வச்சத்துக்கு இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகிய ஐந்தில் ஒரு காரணம் வேண்டும். அச்சத்தில் மயிர்க்கூச்செறிந்த சொல் இன்று ஆதாரமின்மையின் பெயராகிவிட்டதென்பது அகதிக்குப் பொருளற்ற செய்தியல்ல. ஏன் அந்த ஊருக்குப் போனாய், ஏன் அன்று போனாய், ஏன் திரும்பி வந்தாய் என்று நேர்காணலில் கேட்கிறார்கள். 'சும்மா போனேன்' என்பது உண்மையாகவே இருந்தாலும் அங்கு செல்லாது. ஒரு மனிதனின் வாழ்க்கையில் சும்மா நடந்தவை எத்தனையோ இருக்கும். அவற்றையெல்லாம் வெட்டியெறிந்து, ஒவ்வோர் அடிக்கும் காரணம் கொண்ட ஒருவனாகத் தன்னை எழுதித்தர வேண்டியிருக்கிறது. அப்படி எழுதிப் பழகியபின், அனுமதி கிடைத்த வாழ்விலும் நாம் அவ்வாறே நடக்கிறோம். சேமிப்பு, சீட்டு, பிள்ளைகளின் படிப்பு என எதையும் காரணத்தோடுதான் செய்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாவற்றையும் சபலம் என்று ஒரே மூட்டையில் கட்டுவது இதனாலேயே எனக்கு உடன்பாடில்லை. சபலம் ஒழுக்கக் குறை சொல்லும் சொல். விசர், கிறுக்கு என்பவை நோய் சொல்லும் சொற்கள். கப்றீஸுக்கு யதேச்சை பொருந்தும். யதேச்சாதிகாரம் என்ற நமது சொல்லே அதிகாரத்தின் மனம்போன போக்கைச் சரியாகப் பிடித்திருக்கிறது. விம்மைத் திடீர் நினைப்பு எனலாம். விம்சியைக் குறும்புக் கற்பனை எனலாம். ஃபான்சிக்குப் பேச்சுவழக்கில் 'மனம்' போதும்: 'தேத்தண்ணி குடிக்க மனமா?' என்று கேட்கலாம். ஆனால் தீங்கின்றிக் காரணமின்றி ஒன்றைச் செய்வதை மெச்சுகின்ற சொல் தமிழில் எது? சும்மா என்பதையே அதற்கு உரியதாக்கலாம் என்பது என் முன்மொழிவு. மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும்.