பழைய நிலப்படமும் புதைந்த காசும்

கொல்கத்தாவின் கிழக்கே சால்ட் லேக் என வழங்கும் விதான்நகரில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல குடியிருக்கின்றன. மத்திய அரசு அலுவலகங்களிற் பணிபுரிவோர் நாள்தோறும் அங்குச் சென்று வருகின்றனர். மண்ணுள் மறைந்த உலோகத்தை ஒலியால் அறிவிக்கும் கருவி இப்போது விலைக்குக் கிடைக்கிறது. விடுமுறை நாளில் அதை ஏந்திப் பழங்காசு தேடலாமே என்னும் ஆவல் நம் இளைஞர் சிலருக்கு உண்டு. அவர்கள் கருவியை வாங்குமுன் பழைய நிலப்படம் ஒன்றை விரித்துப் பார்ப்பது நலம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ரென்னல் வங்கத்தை அளந்து படம் வரைந்தார். 1764 முதல் 1777 வரை அப்பணி நடைபெற்றது. 1792, 1793 ஆண்டுகளில் அப்ஜான் என்பவர் நகரை அளந்தார். அவருடைய படம் 1794-இல் வெளியாயிற்று. நகருக்குக் கிழக்கே அக்காலத்தில் பரந்து கிடந்தவை உவர்நீர் ஏரியும் சதுப்புமே. சந்தையோ சத்திரமோ கோயிலோ அங்கே இல்லை. மக்கள் கூடாத இடத்தில் காசு விழுவது ஏது?

இதற்கு மாறாக, சால்ட் லேக்கில் ஒரு காசு கிடைத்தே விட்டது எனக் கொள்வோம். அது எங்கிருந்து வந்தது? முதலமைச்சர் விதான் சந்திர ராய் அவர்களின் முயற்சியால் 1962-இல் ஏரியைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. ஹூக்ளி ஆற்றின் அடியில் படிந்த வண்டலை வாரி, நீரோடு கலந்து, நீண்ட குழாய்களின் வழியே கொணர்ந்து கொட்டினார்கள். ஆகவே இன்று அங்கு நிற்கும் வீடுகளின் கீழே இருப்பது ஆற்றுமண். அம்மண்ணிற் கிடைக்கும் காசு, ஏதோ ஒரு படித்துறையில் நீராடியவர் மடியிலிருந்து நழுவியதாகவும் இருக்கலாம். கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து சேரர் காசுகளும் ரோமானியர் காசுகளும் கிடைத்ததை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆனால் கரூரில் மணல் ஆற்றிலேயே கிடந்தது. இங்கோ ஆறே குழாயில் ஏறி ஊருக்குள் வந்துவிட்டது! காசு கிடைத்த இடத்தைக் கொண்டு சால்ட் லேக்கின் பழமையைக் கணிப்பவர் ஏமாந்து போவார்.

கருவிக்கும் இங்கு இடர் உண்டு. அதன் வளையத்தில் ஓடும் மின்சாரம் மண்ணுள் காந்தப் புலத்தைப் பரப்புகிறது. உலோகத்தில் அதனால் சிறு மின்சுழல்கள் எழ, அவற்றை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. உப்பூறிய ஈரமண்ணும் ஓரளவு மின்சாரத்தைக் கடத்துமாதலால், காசில்லாத இடத்திலும் வீண் ஒலி எழும். நிரப்பிய மணலுக்கு அடியிலுள்ள பழைய ஏரித்தரையோ, சாண் ஆழமே தேடவல்ல எளிய கருவிக்குப் பெரும்பாலும் எட்டாது.

பின் படத்தில் எவற்றைத் தேடுவது? தோணித்துறை, சாலைகள் கூடுமிடம், சந்தைத் திடல், அகழி, சதுப்பின் நடுவே உயர்ந்த மேடு ஆகியவற்றை. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே அளவுக்குக் கொணர்ந்து, இரண்டிலும் இடம் மாறாத கோயில், கோட்டை போன்ற மூன்று குறிகளேனும் பொருந்துமாறு வைத்துப் பார்க்க வேண்டும். ஆற்றைக் குறியாகக் கொள்ளலாகாது. வங்கத்து ஆறுகள் படுக்கை மாறுபவை. மராத்தியர் படையெடுப்புக்கு அஞ்சி 1742-இல் வெட்டிய அகழி இம்முறையில் தெளிவாகப் புலப்படும். 1799-இல் அதன் பெரும்பகுதியைத் தூர்த்துச் சாலையாக்கினார்கள். சர்க்குலர் ரோடு என்று பெயர் பெற்ற அச்சாலையின் வளைவு அகழியின் வளைவே.

மேட்டைப் பற்றி ஒரு சொல். அரிக்கமேடு என்னும் பெயரில் நம்மவர் மேட்டைக் குறித்தது போல, வங்காளியர் 'திபி' என்பார்கள். பேராசாம்பாவை அடுத்த சந்திரகேதுகரில் கனா மிஹிரர் திபி என வழங்கிய மேட்டைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகத்தார் அகழ்ந்தபோது, செங்கற் கோயில் ஒன்றன் அடிப்பகுதி வெளிப்பட்டது. ஓர் ஊர்ப்பெயரைப் பொருளறிந்து படிப்பதும் நிலப்படக் கலையின் ஒரு பகுதியே.

இனி, எடுப்பதைப் பற்றி. 1783-இல் காளிகாட்டில் குப்தர் காலப் பொற்காசுகள் இருநூறுக்கு மேல் ஒருசேரக் கிடைத்தன. அவை வாரன் ஹேஸ்டிங்ஸ் கைக்கு வந்து, லண்டனுக்குச் சென்று, பல இடங்களிற் சிதறின. பிரிட்டிஷ் மியூசியத்தில் சிலவற்றை இன்றும் காணலாம். ஆனால் அவை எவ்வளவு ஆழத்தில், எவ்வகை மண்ணில், எந்த மட்கலத் துண்டுகளுடன் கிடந்தன என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை. பொன் எஞ்சியது; அதைப் புதைத்தவர் வரலாறு போயிற்று. கருவி ஒலித்தவுடன் மண்வெட்டியால் குத்துபவர் செய்வதும் அதுவே.

சட்டமும் இதனைக் கருதுகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுதல் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிற நிலங்களிலும் உரிமையாளர் இசைவு வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். அறிவித்தவருக்கு நட்டமில்லை: புதையலுக்கு உடையவர் எவரும் இல்லையென்று தீர்ப்பானால், வேறு உடன்படிக்கை இல்லாத இடத்து, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் ஒரு பங்கு நிலத்துக்குரியவருக்கும் சேரும். அவ்வறிவிப்பில் எழுத வேண்டியவை மூன்று: பொருளின் தன்மையும் மதிப்பும், கிடைத்த இடம், கிடைத்த நாள். இடத்தைச் சொற்களால் மட்டும் கூறாமல், நிலப்படத்தின் நகல் ஒன்றில் புள்ளியிட்டு உடன் இணைத்து அனுப்புக.