சோலைக்கிளி

சோலைக்கிளி என்றவுடன் பச்சைச் சிறகும் வளைந்த மூக்கும் உடைய பறவையொன்று நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பே. ஆயின் அது கிளியினத்தைச் சேர்ந்ததன்று. மலையாள வழக்கில் ‘கிளி’ என்பது பறவைக்குரிய பொதுப்பெயர். ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமும், கருநீல மேனியும், நீண்ட கால்களும் உடைய இச்சிறு பாடும் பறவையை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளிலன்றி உலகில் வேறெங்கும் காண இயலாது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி முதலிய மலைகளில் வாழ்வதற்கு வயிற்றின் இருபுறமும் செம்பழுப்பு நிறம். தெற்கே ஆனைமலை, பழனிமலை முதலியவற்றில் வாழ்வதற்கு வயிறு வெண்மை. பறவை நூலார் நெடுங்காலம் இவற்றை எவ்வினத்தில் சேர்ப்பதென்று தடுமாறி, ‘குறுஞ்சிறகுப் பறவை’ என்று வேறொரு கூட்டத்தில் வைத்திருந்தனர். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியே இவை ஈப்பிடிப்பான்களின் உறவினர் என்று காட்டி, ‘ஷோலிகோலா’ என்னும் புதிய பேரினத்தை வகுத்தது. சோலைவாசி என்பது அதன் பொருள். நம் தமிழ்ச்சொல் இலத்தீன் உடை தரித்து உலகறிய நிற்பது மகிழத்தக்கதன்றோ!

ஒரே மலைத்தொடரில் வாழும் பறவைகள் இங்ஙனம் வேறுபட்டது எவ்வாறு? சிறகிருந்தும் இப்பறவை நெடுந்தொலைவு செல்வதில்லை. சோலையின் இருண்ட அடிப்புதர்களில், நிலத்தை ஒட்டியே திரிந்து, பூச்சி புழுக்களைத் தின்று வாழும். மரப்பொந்திலோ மண்கரையின் குழியிலோ பாசியிட்டுக் கூடமைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். குளிர்ந்த ஈரச்சோலைக்குப் பழகிய அதற்கு, இடையிலுள்ள வெப்பமான பள்ளத்தாக்கு ஒரு கடல். ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு. பன்னெடுங்காலம் கலவாது வாழ்ந்தமையால் உருவமும் நிறமும் பிரிந்தன.

இயற்கை வகுத்த இக்கடல்களோடு மனிதரும் சில சேர்த்துள்ளனர். தேயிலைத் தோட்டம், சீகை மரக்காடு, தைலமரக்காடு ஆகியவை சோலைகளைத் துண்டாடின. மலைவாசிகளுக்கு இவையும் பசுமையே. சோலைக்கிளிக்கோ அப்பசுமை பெரும்பாலும் பயனற்றது. பாடும் பறவைகளின் குஞ்சுகள் மூத்தவை பாடக் கேட்டே பாட்டைக் கற்பன. கேட்கும் அயலார் குறைந்தால் பாடல் என்னாகும்? பல சோலைகளில் இதன் குரலைப் பதிவு செய்து ஒப்புநோக்கியவர்கள், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சோலைகளின் பாடல்கள் வேறுபடுவதைக் கண்டனர். இப்பறவை கண்ணில் படுவது அரிது. விடியற்காலையில் சோலையோரம் அசையாது நின்றால், இனிய சீழ்க்கையொலி முதலில் எழும். பாடுவது எங்குள்ளதென்று தேடுமுன்னரே அது புதரினுள் மறைந்துவிடும்.