தாடை வலிக்குப் பல்லில் கிளிப்: மருத்துவமும் மார்க்கமும்

"ஹஜ்ரத், பல்லுக்குக் கிளிப் போடுவது கூடுமா?" கோலியனூர், வளவனூர் பக்கம் பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பலர் பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள்: "அழகுக்காக இல்லை ஹஜ்ரத், தாடை வலிக்கிறது. பல்வரிசை சரியில்லாததால்தான் வலியாம்." நோய் என்று சொன்னால் அனுமதி கிடைத்துவிடும் என்ற எண்ணம். மருத்துவமும் மார்க்கமும் இதில் கலந்து கிடக்கின்றன. முதலில் மருத்துவத்தைப் பார்ப்போம். பணம் போவதும் பல் போவதும் அங்கேதான்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் தலைக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவில் சிறு வட்டு ஒன்று மெத்தை போல இருக்கிறது. அந்த வட்டு இடம் பிசகினால் 'டக்' என்று சத்தம் வரும். சத்தம் மட்டும் இருந்து, வலியோ வாய் பூட்டிக்கொள்வதோ இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டியதில்லை.

பல்வரிசையின் மீது பழி எப்படி வந்தது? 1934ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். கடைவாய்ப்பற்கள் விழுந்ததால் கீழ்த்தாடை இடம் மாறி, காதடைப்பும் தலைவலியும் வருகின்றன என்றார். அவர் தந்த உடற்கூற்று விளக்கம் பிற்கால ஆய்வில் நிற்கவில்லை. கருத்து மட்டும் நின்றுவிட்டது. கடியைச் சரிசெய்கிறோம் என்று பல்லை ராவுவதும் கிளிப் போடுவதும் பல்லாண்டுகள் நடந்தன.

1987ல் கதை தலைகீழானது. மிச்சிகன் மாநிலத்தில் ஓர் இளம்பெண், பல்லைப் பிடுங்கிச் சீரமைத்ததால்தான் தனக்குத் தாடைக் கோளாறு வந்தது என்று வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் 8,50,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ந்துபோன அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கியது. 1990களில் வெளிவந்த முடிவுகள் இரு தரப்புக்கும் ஏமாற்றம்தான்: கிளிப் தாடைக் கோளாறை உண்டாக்குவதாகவும் தெரியவில்லை, குணப்படுத்துவதாகவும் தெரியவில்லை. கோணல் பல் உள்ள எத்தனையோ பேருக்கு வலியே இல்லை. முத்துப்போன்ற வரிசை உள்ளவர்கள் வலியால் துடிக்கிறார்கள். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத கடி போன்ற சில அமைப்புகள் நோயாளிகளிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் மூட்டு தேய்ந்ததாலேயே கடி மாறியிருக்கலாம் அல்லவா?

அப்படியென்றால் வலி எதனால்? காரணம் ஒன்றல்ல. அடிபடுவது, தூக்கக் குறைவு, மன அழுத்தம், பகலிலும் தூக்கத்திலும் பல்லை இறுகக் கடிப்பது, மூட்டுவாதம் எனப் பல சேர்கின்றன. ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் வாட்டுகிறது. நம் வீட்டுப் பெண்களிடம் "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போ" என்கிறோமே, அவர்கள் உண்மையிலேயே கடிக்கிறார்கள். பெரும்பாலோருக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, சில நாள் வலி மாத்திரை, தேவைப்பட்டால் இரவில் மாட்டும் தட்டு ஆகியவையே போதும். ராவிய பல் திரும்ப முளைக்காது. எனவே, திருப்ப முடியாத சிகிச்சையை முதலிலேயே சொல்பவரிடம் "ஏன்?" என்று கேளுங்கள், இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். புதுச்சேரி கோரிமேட்டிலும் சிதம்பரத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வட்டிக்குக் கடன் வாங்கிக் கிளிப் போட வேண்டிய அவசரம் இதில் இல்லவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. பாக்கு, பான் மசாலா மெல்பவருக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை என்றால் அதை மூட்டுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். உள்கன்னம் நார்போல இறுகும் நோயாக அது இருக்கலாம். புற்றுநோய்க்கும் அது வழி திறக்கும். தன் மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாதவர் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

இனி மார்க்கம். அழகுக்காகப் பற்களை ராவி இடைவெளி உண்டாக்கி, அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் சபிக்கப்பட்டதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் இருக்கிறது. அங்கே குறை இல்லாத பல்லை அலங்காரத்துக்காக அறுப்பதே பேச்சு. குறையைச் சீர்செய்வது வேறு. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். 2007ல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், உடலையோ மனதையோ குறிப்பிடத்தக்க அளவு வருத்தும் பிறவிக் குறைகளைச் சரிசெய்யலாம் என்று தீர்மானித்தது.

ஆகவே மெல்ல முடியாத, துலக்க முடியாத, பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் அளவுக்குக் கோணிய பல்லைச் சீரமைப்பது ஆகுமானதே. அதற்குத் தாடை வலியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

குளிப்புக் கடமையானவர்களுக்குச் சந்தேகம் வரும். ஹனஃபி மத்ஹபில் வாய் கொப்பளிப்பது குளிப்பின் ஃபர்ளு. மருத்துவர் ஒட்டிய, நாமாகக் கழற்ற முடியாத கிளிப் அதற்குத் தடையில்லை. அதன் மேலேயே நன்கு கொப்பளித்தால் குளிப்பு நிறைவேறும். இரவுத் தட்டு போலக் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும்.